தலைக்கணக்கும் படைக்கணக்கும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் சாம்பார், கட் அடித்து சினிமா போனது, இதெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்காங்க. நீங்க சரித்திரக்காரர், சரித்திரமே எழுதுங்க" என்றார்கள். எனக்கு அதுதான் வசதி. இதே கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, பிறகு வெளியூர்க் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே பாடமாக நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ரஷ்ய வரலாறு நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பான்: "சார், அவ்வளவு பெரிய நாடு, அவ்வளவு ஜனம். அப்புறம் எப்படி சார் ஜப்பான்கிட்ட தோத்தாங்க?"

ஒரு பீரியட் நேரத்தில் அதற்கு முழுப் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. மணி அடித்துவிடும். இந்தப் பக்கங்களில் மணி அடிக்காது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

"இது ஹிஸ்டரிக்காரன் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டப் போகிற வேதியியல் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஆளிடமிருந்தே தொடங்குகிறேன். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் கடைசிக் காலத்தில் தனிமங்களை விட்டுவிட்டுத் தன் நாட்டு மக்களை எண்ண ஆரம்பித்தார். ரஷ்யப் பேரரசின் முதல் பொது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1897-இல் நடந்தது. ஏறக்குறைய 12.5 கோடிப் பேர். அந்த விவரங்களை வைத்து 1906-இல் மெண்டலீவ் ஒரு புத்தகம் வெளியிட்டார். மக்கள் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் பெருகினால் 2000-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் ஏறக்குறைய 59 கோடிப் பேர் இருப்பார்கள் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

2000-ஆம் ஆண்டும் வந்தது. ரஷ்யாவில் இருந்தவர்கள் 15 கோடிக்கும் குறைவு. பழைய பேரரசிலிருந்து பிரிந்துபோன நாடுகளை எல்லாம் திரும்பச் சேர்த்து எண்ணினாலும் மெண்டலீவ் சொன்னதில் பாதியைச் சுற்றித்தான் வரும். கூட்டல் பெருக்கலில் அவர் தப்புப் பண்ணவில்லை. அவர் கணக்கில் போர்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஜனத்தொகைதான் படைபலம் என்று ரஷ்யாவை ஆண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். அந்த ஜனங்கள் என்ன தின்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள், யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்ததுதான் படை. இதை மறந்தபோதெல்லாம் அந்த நாடு அடி வாங்கியது. வாங்கிய அடியின் பில் சண்டை போட்டவர்களிடம் மட்டும் வரவில்லை. இருபது வருஷம் கழித்து அவர்கள் பிள்ளைகளிடமும், நாற்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகளிடமும் வந்து நின்றது.

பண்ணையாளும் சிப்பாயும்

1853 முதல் 1856 வரை நடந்தது கிரிமியப் போர். காகிதத்தில் பார்த்தால் ஜார் மன்னர் முதலாம் நிக்கலஸிடம் பத்து லட்சம் பேர் கொண்ட ராணுவம் இருந்தது. எதிர்த்து வந்து 1854 செப்டம்பரில் கிரிமியாவில் இறங்கிய பிரிட்டன், பிரான்ஸ், துருக்கிப் படைகள் ஏறக்குறைய 60,000 பேர். இறங்கிய இடமோ ரஷ்யாவின் சொந்த மண். ஜெயித்தது வந்தவர்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. லண்டனிலிருந்தும் மார்சேயிலிருந்தும் நீராவிக் கப்பலில் சாமான் வந்து சேர்ந்தது. மாஸ்கோவிலிருந்து செவஸ்தபோலுக்கு ரயில் கிடையாது. 1851-இல் திறந்த மாஸ்கோ – பீட்டர்ஸ்பர்க் பாதைதான் அந்நாட்டின் பெரிய ரயில் பாதை. அதுவும் வடக்கே போனது. தெற்கே போக வேண்டிய மருந்தும் மாவும் மாட்டு வண்டியில், சேற்றில், வாரக்கணக்கில் போயின. சொந்த வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போக அவர்களுக்கு ஆன நேரத்துக்குள் எதிரி கடல் தாண்டி வந்துவிட்டான். போதாக்குறைக்கு, பால்டிக் கரை, போலந்து, காகசஸ் என்று எல்லைகள் எல்லாவற்றுக்கும் காவல் போட வேண்டியிருந்தது. பெரிய வீட்டுக்கு வாசல்கள் அதிகம் அல்லவா!

ரயிலைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அன்றைய ரஷ்யாவில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமான பண்ணையடிமைகள். சிப்பாயாகப் பிடித்துக்கொண்டு போனால் சட்டப்படி அவன் ஆண்டையிடமிருந்து விடுபட்டுவிடுவான். இங்கேதான் சிக்கல். மற்ற நாடுகள் மாதிரி இரண்டு மூன்று வருஷம் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பினால், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, அடிமை அல்லாத இளைஞர்கள் கிராமம் கிராமமாக நிறைந்துவிடுவார்களே! ஆண்டைகள் தாங்குவார்களா? அதனால் சிப்பாயின் பணிக்காலம் அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் 25 ஆண்டாக இருந்தது. பையனை ராணுவத்துக்கு அனுப்பும் நாளில், செத்தவனுக்கு ஒப்பாரி வைப்பது போலவே கிராமத்துப் பெண்கள் அழுவார்களாம். திரும்பி வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதன் விளைவு என்ன? போர் வந்தால் கூப்பிட, பயிற்சி பெற்ற ரிசர்வ் ஆட்களே ஊரில் கிடையாது. கோடிக்கணக்கில் மக்கள் இருந்தும், வருகிற ஒவ்வொருவனுக்கும் 'லெப்ட், ரைட்' முதல் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தோற்ற பிறகு புத்தி வந்தது. 1861-இல் இரண்டாம் அலெக்சாண்டர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். மனிதாபிமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த முறை இருக்கும்வரை நவீன ராணுவம் அமைக்க முடியாது என்று மிலியுத்தின் போன்ற ராணுவ அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததும் ஒரு காரணம். 1867-இல் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள். கஜானா காலி, சண்டை வந்தால் அவ்வளவு தூரத்தைக் காப்பாற்றவும் வழியில்லை. விரலுக்கேத்த வீக்கம் வேண்டும் என்று அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது.

1874-இல் போர் மந்திரியாக இருந்த அதே மிலியுத்தின் எல்லா வகுப்பினருக்கும் பொதுவான கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்தார். அதில் இரண்டு ஷரத்துகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, படிப்புக்குச் சலுகை. எழுத்தறிவில்லாதவனுக்கு ஆறு வருஷம், ஆரம்பப் பள்ளி முடித்தவனுக்கு நாலு வருஷம், பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு ஆறே மாதம். (இந்தச் சட்டம் நம் ஊரில் இருந்திருந்தால் அரியர்ஸ் வைக்க யாருக்கு தைரியம் வந்திருக்கும்!) இரண்டு, வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருந்தால் அவனை அழைப்பதில்லை.

தண்டவாளமும் ரொட்டியும்

இப்போது பின் பெஞ்சுப் பையனின் கேள்விக்கு வருவோம். 1904-இல் ஜப்பானின் மக்கள்தொகை சுமார் 4.6 கோடி. ரஷ்யாவில் அதைப் போல மூன்று மடங்கு. ஆனால் சண்டை நடந்த மஞ்சூரியாவுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர். இணைத்தது ஒற்றைத் தண்டவாளம். அதிலும் பைக்கால் ஏரி வந்ததும் பாதை நின்றுவிடும். ஏரியைப் படகில் கடந்து அக்கரையில் மறுபடி ரயில் ஏற வேண்டும். குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோக, பனிக்கட்டி மேலேயே தண்டவாளம் போட்டுக் குதிரைகளை வைத்துப் பெட்டிகளை இழுத்தார்கள். ஏரியைச் சுற்றிவரும் பாதை முடிந்தது 1904 செப்டம்பரில். சண்டையோ பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து என்ன பயன், குழாய் பென்சில் கனம் இருந்தால்? ஜப்பான்காரன் தன் வீட்டு வாசலில் சண்டை போட்டான்.

1914-இல் முதல் உலகப் போர். ரஷ்யா படையில் சேர்த்தது ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஆளைப் பிடித்தது போலவே குதிரைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னொரு கூத்தும் நடந்தது. அரசாங்க வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வோட்கா ஏகபோகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. படைதிரட்டும்போது சிப்பாய்கள் குடித்துவிட்டுக் கிடக்கக்கூடாதென்று மதுவிலக்கைக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் போர்ச் செலவு ஏறும் நேரத்தில் வருமானம் இறங்கியது. நோட்டு அச்சடித்தார்கள், விலைவாசி ஏறியது. மது வருமானத்தை ஓர் அரசாங்கம் கைவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தானியம் இருந்தது. போருக்கு முன் உலகிலேயே அதிகம் தானியம் ஏற்றுமதி செய்த நாடுகளில் ரஷ்யா ஒன்று. துருக்கி கடல்வழியை அடைத்துவிட்டதால் ஏற்றுமதியும் நின்று, கோதுமை உள்நாட்டிலேயே தங்கியது. ஆனாலும் பெத்ரோகிராடு நகரில் ரொட்டிக்கு கியூ! ரயில்கள் போர்முனைக்கு ஓடின. தொழிற்சாலைகள் துப்பாக்கி செய்தன. கலப்பையும் துணியும் செய்யவில்லை. மதிப்பிழந்த நோட்டை வாங்கி என்ன செய்வது என்று விவசாயி கோதுமையை வீட்டிலேயே வைத்துக்கொண்டான். 1917-இல் மகளிர் தினத்தன்று, புதிய காலண்டர்படி மார்ச் 8, ரொட்டி கேட்டு நெசவாலைப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் முந்நூறு வருஷத்து ராஜவம்சம் முடிந்தது. எதிரியின் படை தலைநகருக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

எண்ணியவர்களுக்குக் கிடைத்த பரிசு

அடுத்து வந்தவர்கள் நாட்டைத் தொழில்மயமாக்கினார்கள். 1928-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இரும்பாலைகள் எழுந்தன. அதற்கான பணத்தைக் கிராமத்திலிருந்து பிழிந்தார்கள். கூட்டுப்பண்ணைக் கெடுபிடியும் தானியப் பறிமுதலும் சேர்ந்து 1932–33-இல் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தன. உக்ரைனிலும் கஸக்ஸ்தானிலும் வோல்கா பகுதியிலும் பல லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

1934-இல் கட்சி மாநாட்டில் ஸ்டாலின், நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி ஆகிவிட்டது என்று பெருமையாக அறிவித்தார். 1937 ஜனவரியில் கணக்கெடுப்பு நடந்தது. மூன்று வருஷம் கழித்து எண்ணிய அந்தக் கணக்கில் வந்தது 16.2 கோடி! பஞ்சத்தில் போனவர்கள் பேப்பரில் தெரிந்துவிட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கெடுப்பையே ரத்து செய்தார்கள். நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தார்கள். சிலரைச் சுட்டும் கொன்றார்கள். 1939-இல் மறுபடி எண்ணச் சொன்னார்கள். 17 கோடிக்கு மேல் வந்தது. உயிரோடு இருக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எப்படி எண்ணுவார்கள்? 1937-இன் விவரங்கள் ஐம்பது வருஷம் இருட்டில் கிடந்தன.

1941 ஜூனில் ஹிட்லரின் படை நுழைந்தது. இந்த ஒரு போரில் ரஷ்யாவின் பரப்பும் ஜனமும் தொழிலும் ஒன்றுசேர்ந்து வேலை செய்தன என்பதை மறுக்க முடியாது. சில மாதங்களில் 1,500-க்கு மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகளைக் கழற்றி, ரயிலேற்றி, யூரல் மலைக்கும் அதற்குக் கிழக்கேயும் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். அமெரிக்கா கடனுதவியாக ஏறக்குறைய 4 லட்சம் லாரிகளும் ஜீப்புகளும் அனுப்பியது. போர்க்காலம் முழுவதிலுமாகப் படையில் பணியாற்றியவர்கள் சுமார் 3.4 கோடிப் பேர். அவர்களில் 8 லட்சம் பெண்கள். போர் முடியும்போது தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்களே.

ஜெயித்தார்கள். மாண்டவர்கள் ஏறக்குறைய 2.66 கோடி. அதில் சிப்பாய்கள் சுமார் 87 லட்சம். மற்றவர்கள் ஊரிலிருந்த சாதாரண ஜனங்கள்.

காணாமல் போன பேட்ச்

நண்பர்களே, நம் சங்கக் கூட்டங்களில் பேட்ச் பேட்சாக உட்காருகிறோம் அல்லவா? எழுபத்து நாலு பேட்ச் ஒரு வரிசை, எழுபத்தைந்து பேட்ச் அடுத்த வரிசை. நடுவில் நாலைந்து வரிசையில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1945-க்குப் பிறகு அந்த நாடு அப்படித்தான் இருந்தது. 1959 கணக்கெடுப்பின்படி சோவியத் யூனியனில் ஆண்களைவிடப் பெண்கள் 2 கோடிக்கு மேல் அதிகம். போர் முடிந்து பதினாலு வருஷம் கழித்தும்!

செத்தவர்களோடு கணக்கு முடியவில்லை. 1943, 44-இல் பிறந்த குழந்தைகள் போருக்கு முந்தைய அளவில் பாதிக்கும் குறைவு. அரசாங்கம் பிள்ளை இல்லாதவர்களுக்கு 1941-இலேயே வரி போட்டது. 1944-இல் பத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கு 'வீரத்தாய்' பட்டம் அறிவித்தது. வரியும் பதக்கமும் வீட்டில் இல்லாத புருஷனைக் கொண்டுவருமா?

அந்தக் கொஞ்சப் பேர் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டது 1960-களில். பெற்றோர் குறைவு, பட்டண வாழ்க்கை, சின்ன வீடு, இருவரும் வேலைக்குப் போவது என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. ரஷ்யக் குடியரசில் 1960-இல் 27.8 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 1968-இல் 18.2 லட்சம்தான். குளத்தில் கல்லெறிந்தால் அலை வட்டம் வட்டமாகப் போகும் என்போமே, அது மாதிரி. கல் விழுந்தது 1941-இல். ஓர் அலை 1960-களில், அடுத்தது 1990-களில்.

சோவியத் யூனியன் அனுப்பிய வழவழப்பான பத்திரிகைத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் நம்மில் பலர். கண்ணாடி மாதிரித் தாளில் டிராக்டர், சிரித்த முகம், ராக்கெட். அந்தப் படங்களில் இந்த வெற்று வரிசைகள் தெரியவில்லை.

ஒற்றைப் பிள்ளைகள்

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. 1960-களில் பிறந்த சின்ன பேட்ச் அப்போதுதான் ராணுவ வயதை எட்டிக்கொண்டிருந்தது. ஆள் பற்றவில்லை. 1982-இல் தொடங்கி, கல்லூரி மாணவர்களுக்கு இருந்த ராணுவ ஒத்திவைப்புச் சலுகையைப் பெரும்பாலான கல்லூரிகளில் எடுத்துவிட்டார்கள். 1874-இல் பட்டதாரிக்கு ஆறு மாதம் போதும் என்ற நாடு, நூறு வருஷம் கழித்து முதலாண்டு, இரண்டாம் ஆண்டு மாணவனை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போனது. 1989-இல்தான் சலுகை திரும்பியது. இந்நாள் மாணவச் செல்வங்கள் இந்த வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். முந்தைய தலைமுறையின் பிறப்புப் பதிவேட்டில் விழுந்த பள்ளம், தூரத்து வகுப்பறையில் ஒரு பெஞ்சைக் காலி செய்தது.

ஆப்கன் போரில் இறந்த சோவியத் வீரர்கள் சுமார் 15,000. இரண்டாம் உலகப் போரோடு ஒப்பிட்டால் கடலில் கைப்பிடி. இருந்தும் நாடு தாங்கவில்லை. ஏன்? 1941-இல் போனவனுக்கு வீட்டில் அண்ணன் தம்பி இருந்தார்கள். 1980-களில் ரஷ்யப் பட்டணத்து வீட்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளை. துத்தநாகப் பெட்டி ஒன்று வந்து இறங்கினால் அந்த வம்சமே முடிந்தது. 'ஒரே பிள்ளை என்றால் விட்டுவிடு' என்ற ஜார் காலத்துச் சலுகையை இனிமேல் கொடுக்கவும் முடியாது; கொடுத்தால் படையே இருக்காது! 1989-இல் ராணுவ வீரர்களின் தாய்மார்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள். எந்த எதிர்க்கட்சியும் செய்யாத வேலையை அந்த அம்மாக்கள் செய்தார்கள்.

பணத்தின் கதையும் கூடவே ஓடியது. ஒரு காலத்தில் உலகுக்கே கோதுமை அனுப்பிய நாடு, 1970-களிலிருந்து வெளிநாட்டில் தானியம் வாங்கியது. 1980-களின் நடுவில் சில ஆண்டுகளில் அது 4 கோடி டன்னையும் தாண்டியது. வாங்கப் பணம்? பெட்ரோலிய எண்ணெய். 1985 கடைசியில் பீப்பாய் 25 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 1986 நடுவில் 10 டாலர் பக்கம் இறங்கியது. ரொட்டிக்கும் போருக்கும் ஒரே பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தவன் பையில் ஓட்டை விழுந்தது. 1989 பிப்ரவரியில் கடைசிப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வந்தது. 1991-இல் நாடே பதினைந்தாகப் பிரிந்தது. 28 கோடிக்கு மேல் இருந்த தலைக்கணக்கு ரஷ்யாவுக்கு 15 கோடிக்குள் வந்துவிட்டது.

1994 டிசம்பரில் செச்னியாவுக்குள் படை அனுப்பியபோது முழுசாக ஒரு ரெஜிமெண்டைத் திரட்டவே திண்டாடினார்கள். அங்கே பத்து, இங்கே இருபது என்று ஒட்டுப்போட்ட படை. தாய்மார்கள் செச்னியாவுக்கே நேரில் போய்ப் பிள்ளைகளைத் தேடி அழைத்து வந்தார்கள். 1996-இல் ஒப்பந்தம் போட்டுப் பின்வாங்கினார்கள். 1999-இல் மறுபடி போனார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறியது. சம்பளத்துக்குச் சேரும் ஒப்பந்தச் சிப்பாய்களைக் கூட்டினார்கள். அந்த தைரியத்தில் 2008-க்குள் கட்டாயச் சேவையை இரண்டு வருஷத்திலிருந்து ஒரு வருஷமாகக் குறைக்க முடிந்தது.

அலை திரும்பி வந்தது

ரஷ்யாவில் 1987-இல் 25 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1999-இல் 12.1 லட்சம். பழைய போரின் அலையும் 1990-களின் வறுமையும் ஒன்றுசேர்ந்த இடம் அது. அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு இருபத்துமூன்று வயது ஆகிறது என்றால் ஆண்டு 2022.

அந்த 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. 14 கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாடு, 4 கோடிச் சொச்சம் உள்ள நாட்டுக்குள் அனுப்பியது இரண்டு லட்சத்துக்கும் குறைவான ஆட்களை. சில வாரங்களில் தலைநகர் கீவ் விழும் என்ற கணக்கு பொய்த்தது. செப்டம்பரில் 3 லட்சம் பேரை அழைத்தார்கள். உடனே லட்சக்கணக்கான இளைஞர்கள் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அதன்பின் அரசாங்கம் கட்டாயத்தைவிடக் காசை நம்பியது. 2024 ஜூலையில் மாஸ்கோ நகராட்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு 19 லட்சம் ரூபிள் முன்பணம் அறிவித்தது. 2024 டிசம்பரிலிருந்து சேருகிறவர்களுக்கு ஒரு கோடி ரூபிள் வரை கடன் தள்ளுபடி என்று சட்டம் வந்தது. சிறைக் கைதிகளையும் சேர்த்தார்கள். வேலையில்லாத ஏழை மாகாணங்களிலிருந்தே அதிகம் பேர் போனார்கள்.

போர்முனையும் தொழிற்சாலையும் ஒரே ஆளைப் பிடித்து இழுத்தன. 2024-இல் வேலையின்மை இரண்டரை சதவீதம் அளவுக்கு இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆள் கிடைக்காததன் அடையாளம். கூலி ஏறியது, விலைவாசி ஏறியது. 2024 அக்டோபரில் மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக உயர்த்தியது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் 12.2 லட்சம். மறுபடி 1999-இன் படியில் வந்து நின்றார்கள். 2025-இல் ரஷ்யப் புள்ளியியல் துறை மாதாந்தரப் பிறப்பு – இறப்பு விவரங்களை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. 1937-ஐப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அடிபட்ட உக்ரைனிலும் அதே பள்ளம்தான். அங்கேயும் 1990-களில் பிறந்தவர்கள் குறைவு. எஞ்சிய இளசுகளைக் காப்பாற்ற வேண்டும் என்றே 27 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கட்டாயப் படைதிரட்டலில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அதை 25 ஆகக் குறைக்க வேண்டி வந்தது. ஒரே பஞ்சத்தையும் ஒரே உலகப் போரையும் அனுபவித்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் எதிரெதிரே நிற்கிறார்கள்.

நமக்கென்ன?

"அங்கே எங்கோ நடப்பதற்கு இங்கே எதற்கு இவ்வளவு நீட்டி முழக்குகிறீர்கள்?" என்று கேட்கலாம். ஒரு செய்தி சொல்கிறேன். தன் ஊரில் ஆள் குறைந்தவன் அடுத்த ஊரில் தேடுவான். நல்ல சம்பளம், உதவியாள் வேலை என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பிப் போன இந்திய இளைஞர்கள் பலர் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டார்கள். 126 பேர் அப்படிச் சேர்ந்ததாகவும், அவர்களில் 12 பேர் இறந்ததாகவும், 16 பேரைக் காணவில்லை என்றும் 2025 ஜனவரியில் நம் வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. 1941-இல் விழுந்த கல்லின் அலை இந்தியாவின் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது.

பின் பெஞ்சுப் பையனே, நீ இப்போது எங்கே இருக்கிறாயோ, உனக்கு என் பதில் இது. ஜனம் அதிகம் என்பது ஒரு நாட்டின் கையிலுள்ள ரொக்கம் அல்ல. பள்ளிக்கூடம், ரயில், ரொட்டி, சுதந்திரம் எல்லாம் சேர்ந்தால்தான் அது பலமாகிறது. சேராதபோது அது வெறும் எண். அந்த எண்ணையும் ஆள்கிறவர்கள் ஊதாரியாகச் செலவழித்தால், இரண்டு தலைமுறை கழித்துக் கைவைக்கும்போது பெட்டி காலியாக இருக்கும். எண்ணிப் பார்த்துச் சொல்கிறவன் வாயை அடைத்தால், காலியாகிவிட்டது என்பதுகூடத் தெரியாமல் போகும்.

2023-இல் உலகிலேயே மக்கள்தொகை அதிகமுள்ள நாடாக நாம் ஆனோம். 'அத்தனை கோடி இளைஞர்கள்!' என்று மேடையில் யாராவது முழங்கினால் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டிவிட்டு, "அவர்களுக்கு என்ன படிப்பு, என்ன வேலை, என்ன சோறு?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். நம் கல்லூரி நமக்குக் கற்றுக் கொடுத்ததே அந்தக் கேள்வியைக் கேட்கத்தான்.

ஒவ்வொரு வரிசையும் நிறைந்து, எல்லா பேட்சும் சுகமாக வந்து சேர என் வாழ்த்துகள்.